உரம் கேட்காத பூ

“எனக்குக் கைராசி இல்லீங்க. நான் வச்சா எந்தச் செடியும் தழைக்காது.”

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறினாலும், எந்தத் தாமானில் யார் வீட்டு வாசலில் நின்று பேசினாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கேட்பவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். எனக்கோ நெஞ்சு கொதிக்கிறது. சொல்பவர் யார்? காட்டை வெட்டித் திருத்திப் பால்மரம் நட்டவர்களின் பேரன். செம்பனைக் கன்றைச் சுமந்து நடந்தவர்களின் பேத்தி. தலைமுறை தலைமுறையாக மண்ணில் புரண்ட குடும்பத்துப் பிள்ளை, ஒரு பூந்தொட்டியைப் பார்த்து “என்னால் முடியாது” என்கிறது! நாம் வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டு வளர்க்கும் பொய்களில் இதுதான் பெரிய பொய்.

அந்தப் பொய்யை முறிக்க ஒரே ஒரு செடி போதும். காஸ்மோஸ். மஞ்சளும் ஆரஞ்சுமாக, மெல்லிய தண்டின் உச்சியில் காற்றுக்கு ஆடிக்கொண்டு சாலையோரத்திலும் வேலியோரத்திலும் நிற்குமே, அதுதான். பெயர் தெரியாமல் எத்தனையோ முறை கடந்து போயிருப்பீர்கள். முதன்முதலில் செடி வைக்கப் போகிறவர் ரோஜாவிடம் போக வேண்டாம், ஆர்க்கிட்டிடமும் போக வேண்டாம். இதனிடம் வாருங்கள்.

இதன் ஊர் மெக்சிகோ. நம் குழம்பில் கொதிக்கும் மிளகாயின் தாயகமும் அந்தப் பக்கம்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் விதைகள் கடல் கடந்து ஸ்பெயினுக்குப் போயின. மாட்ரிட் தாவரவியல் தோட்டத்தில் முளைத்து நின்ற செடிகளைப் பார்த்து, கவனீயெஸ் என்ற பாதிரியார் 1791இல் அவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்காவுக்கு இது போன கதை இன்னும் அருமை. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் குதிரைகளுக்காகக் கப்பலில் வந்த தீவனத்தோடு விதைகள் கலந்து வந்தன என்று அங்கே சொல்கிறார்கள். யாரும் அழைக்கவில்லை, யாரும் நடவில்லை. இன்றோ அந்நாட்டு மேட்டுநிலச் சாலைகளின் இரு பக்கமும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் காஸ்மோஸ் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்குகிறது. மக்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

கப்பலில் வந்து, கேட்பாரற்ற நிலத்தில் இறங்கி, அந்த நிலத்துக்கே அழகாகிப்போன உயிர் இது. நம் கதைக்கும் இதற்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டுமா?

இப்போது சொல்லப் போவதை நிதானமாகக் கேளுங்கள். காஸ்மோஸை வளமான மண்ணில் வைத்து, உரத்தை அள்ளிக் கொட்டினால் என்ன ஆகும்? செடி மளமளவென்று உயரும். இலை அடர்ந்து பச்சைக்காடாய் நிற்கும். பூ மட்டும் வராது. வந்தாலும் நாள் கடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். தழைச்சத்து மிகுந்தால் செடி இலையிலேயே மயங்கிக் கிடக்கும். தண்டும் இளைத்து, முதல் மழைக்கே மல்லாந்து விழும். அதே விதையைச் சத்துக் குறைந்த, மணல் கலந்த, நீர் நிற்காத மண்ணில் போடுங்கள். வேர் பிடித்து, தண்டு இறுகி, ஏழெட்டு வாரத்தில் மொட்டு விட்டுவிடும்.

வசதி வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று உட்கார்ந்திருக்கும் நண்பரே, இந்தச் செடியின் முன்னால் போய் நின்று அதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்! நிலவீடு வாங்கிய பிறகு, பிள்ளைகள் படித்து முடித்த பிறகு, கடன் தீர்ந்த பிறகு, ஓய்வு பெற்ற பிறகு என்று எத்தனை ‘பிறகு’களை அடுக்கி வைத்திருக்கிறோம். காத்திருந்து காத்திருந்து கனவுகள் இலையாகவே உதிர்ந்துபோவதை நம் குடும்பங்களில் கண்ணால் பார்த்திருக்கிறோம். உங்களிடம் இருப்பது சரளை மண்ணா? அது போதும். ஒரு பழைய பெயிண்ட் வாளியா? அடியில் துளை போட்டால் அதுவும் போதும்.

இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது; அதன் அருமை நமக்கே தெரிவதில்லை. காஸ்மோஸ் குறுகிய பகலில் மொட்டு வைக்கும் செடி. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடைப் பகல் நீளமானது. அதனால் அங்கே பழைய வகைச் செடிகள் கோடை முழுக்க வெறுமனே வளர்ந்து, இலையுதிர் காலத்தில் பூக்கத் தொடங்கும்போது உறைபனி வந்து கொன்றுவிடும். சீக்கிரம் பூக்கும் வகைக்காக அங்கே வளர்ப்பவர்கள் தவம் கிடந்தார்கள். ‘சென்சேஷன்’ என்ற வகை 1936இல் அமெரிக்காவில் பரிசு வாங்கியது அந்த ஏக்கத்தின் பின்னணியில்தான். நாம் எங்கே இருக்கிறோம்? நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3 பாகையில். கோலாலம்பூரில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். உறைபனி என்ற பேச்சே கிடையாது. அவர்கள் தவமிருந்ததை நாம் ஒவ்வொரு காலையிலும் சும்மா வாங்கிக்கொள்கிறோம். வாங்கிக்கொண்டு, கைராசி இல்லை என்கிறோம்!

கைகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் சுங்கை பூலோவைப் பற்றிப் பேசாமல் முடியாது.

வார இறுதியில் பூச்செடி வாங்க வண்டியை எங்கே விடுகிறோம்? சுங்கை பூலோ நர்சரிகளுக்கு. வரிசை வரிசையாகச் செடிக்கடைகள். பேரம் பேசி வாங்கி, காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த மண்ணின் கதையை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? தொழுநோய் வந்தவர்களைச் சட்டம் போட்டுக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. அவர்களுக்காக 1930இல் அங்கே ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. 562 ஏக்கர். சிறைபோல் அடைத்து வைக்காமல், சிறு சிறு வீடுகளும் தோட்டங்களுமாக ஓர் ஊரைப்போல் அது இருக்க வேண்டும் என்று போராடியவர் டாக்டர் டிராவர்ஸ். பிரிக்ஃபீல்ட்ஸ் ஓரமாக ஓடுகிறதே ஜாலான் டிராவர்ஸ், அது அவர் பெயர் தாங்கிய சாலைதான். உச்சத்தில் 2,000க்கும் அதிகமானவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் இருந்தார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் உள்ளேயே. வெளியில் செல்லாத தனிப் பணத்தாள்கூட அவர்களுக்கு இருந்தது. அங்கே பிறந்த குழந்தைகள் தாயின் மடியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டார்கள். இதைவிட ஒரு மனிதனிடம் எதைப் பறிக்க முடியும்?

மருந்து வந்தது. நோய் போனது. பயம் போகவில்லை. குணமானவர்களில் பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. வாசலில் நின்றால் கதவைத் திறக்க ஆள் இல்லை. நோய் தின்றது போக மிச்சமிருந்த விரல்கள், சூடு எது குளிர் எது என்று தெரியாமல் மரத்துப்போன உள்ளங்கைகள். அந்தக் கைகள் என்ன செய்தன தெரியுமா? மண்ணைப் பிசைந்தன. விதை ஊன்றின. பதியம் போட்டன. பூச்செடி வளர்த்து விற்கத் தொடங்கின. இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வீட்டு வாசல்கள் அவர்கள் வளர்த்த செடியால் பூத்தன! தங்களைத் தொடப் பயந்த ஊருக்கு அவர்கள் பூக் கொடுத்தார்கள். இன்று நாம் தேடிப்போகும் அந்த நர்சரி வட்டாரம் அவர்கள் போட்ட அடித்தளத்தில் எழுந்தது. குடியிருப்பின் ஒரு பகுதி 2007இல் இடிக்கப்பட்டது. மீதி இன்னும் இருக்கிறது. அடுத்த முறை செடி வாங்கப் போகும்போது பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அந்தப் பழைய வீடுகளைக் காட்டுங்கள். பத்து விரலும் நலமாக உள்ள பிள்ளை, தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். கொதிப்பு மட்டும் இருந்தால் செடி முளைக்காது.

மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் காஸ்மோஸ் நம் வெக்கைக்கு ஏற்றது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் மெல்லிய இலை வகை இன்னும் நளினமானது. ஆனால் கேமரன் மலைக் குளிரில் நிற்பதுபோல் கிள்ளானின் புழுக்கத்தில் அது நிற்காது. முதலில் மஞ்சளில் வெற்றி காணுங்கள்; பிறகு மற்றதில் கை வையுங்கள். விதை கறுப்பாக, ஊசிபோல் மெலிந்து, லேசாக வளைந்திருக்கும். ஒரு பாக்கெட் சில வெள்ளிதான். அந்த வளைந்த ஊசிக்குள் ஒரு செடிக்கு வேண்டிய எல்லாமும் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

தொட்டி ஒரு சாண் ஆழம், ஒரு சாண் அகலத்துக்கு மேல் இருக்கட்டும். கடையில் விற்கும் சாதாரண மேல்மண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்துகொள்ளுங்கள். உரம் வேண்டாம். சாணி, கோழி எரு எதையும் கிட்டக் கொண்டுவர வேண்டாம். உங்கள் கை சும்மா இருப்பதுதான் இங்கே பெரிய சாமர்த்தியம். நகக்கண் ஆழத்துக்கு விதையை ஊன்றி, மண்ணைத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் பச்சை எட்டிப் பார்க்கும். நெருக்கமாக முளைத்தவற்றில் வலுவானதை விட்டுவிட்டு மற்றதைக் களையுங்கள். நிலத்தில் என்றால் செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி இருக்கட்டும்.

வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க முடியாது. பால்கனியில் மூன்று மணி நேரம்தான் வெயில் என்றால் ஏணிப்படிப் பக்கமோ வாசல் பக்கமோ வெயில் விழும் மூலையைத் தேடுங்கள். நடைவழியை மட்டும் அடைக்காதீர்கள். தீ என்றால் ஓட வேண்டிய வழி அது. மேல்மாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் எந்தக் காரணம் கொண்டும் தொட்டியை வைக்காதீர்கள். கீழே நடப்பது யாரோ பெற்ற பிள்ளை.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் நடுங்குகிறார்கள். ஆசையாய் வளர்த்ததைக் கிள்ளுவதா? கிள்ளுங்கள்! நம் ஊரின் 12 மணி நேரப் பகலில் செடி குட்டையாக இருக்கும்போதே மொட்டு வைக்கத் துடிக்கும். கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் நாலைந்து வெடித்து வரும். ஒரு பூவுக்கு அவசரப்பட்ட செடி, இரண்டு வாரம் பொறுத்துக் கை நிறையப் பூக்கும். ஒரு வாய்ப்பு முறிந்ததும் வாழ்க்கையே முறிந்தது என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் தம்பிக்கும் தங்கைக்கும் இந்தக் கிளையைக் காட்டுங்கள். முறிந்த இடத்துக்குக் கீழே எத்தனை கண் விழித்திருக்கிறது என்று அவர்களே எண்ணட்டும்.

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும். நம் செடிகள் தாகத்தில் செத்ததைவிட அன்பு மிகுந்து, நீர் மிகுந்து செத்ததே அதிகம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கொட்டித் தீர்க்கும்போது ஒற்றைச் செடி சாய்ந்துவிடும். நாலைந்தை ஒன்றாக வைத்து, ஒரு மூங்கில் குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டவே வேண்டாம். அந்தத் தட்டில் தேங்கும் நீரில் ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். பூ வளர்க்கிறேன் என்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டிங்கி காய்ச்சலை வளர்த்துவிடக் கூடாது. அசுவினி மொய்த்தால் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும்.

வாடிய பூவை அப்போதைக்கப்போதே, அடுத்த இலைக்கணு வரைக்கும் நறுக்கிவிடுங்கள். விதை வைக்க விட்டால் தன் கடமை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிடும். நறுக்க நறுக்க மறுபடி மறுபடி பூக்கும்.

மூன்று நான்கு மாதத்தில் செடி காய்ந்துபோகும். அதன் ஆயுளே அவ்வளவுதான். உங்கள் தவறு அதில் ஒன்றுமில்லை. இதைத் தெரியாமல் எத்தனை பேர் மனம் ஒடிந்து தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்! 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது வீட்டுப் பொருள் எல்லாவற்றையும் சேற்றில் பறிகொடுத்தவர்களில் நம்மவர் எத்தனை பேர். இரவு பகலாக அந்தச் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அதே வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட மக்களுக்கு, ஒரு செடி போனால் இன்னொரு விதை ஊன்றுவதையா சொல்லிக்கொடுக்க வேண்டும்? மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை சில விதைகளைப் போட்டுக்கொண்டே இருங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று மொட்டு விட்டிருக்கும்.

“பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார், அங்காடித் தெருவில் வாங்கினால் போகிறது, பூவெல்லாம் வசதியானவர்கள் சமாசாரம்” என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களைக் கிள்ளானுக்கு அழைத்துப் போக வேண்டும், 1941ஆம் ஆண்டுக் கிள்ளானுக்கு. தோட்டத் தொழிலாளர்கள் அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கி வைத்த கோரிக்கைகளில் கூலி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, மருத்துவம் இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், ஏறியபடியே போவோம் என்பது! சோற்றுக்கே வழியில்லாத மனிதர்கள் சைக்கிள் மேல் நிமிர்ந்து உட்காரும் உரிமையையும் கூலியோடு சேர்த்துக் கேட்டார்கள். தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் மே மாதம் கைதானார். படை வந்தது. துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின. வயிற்றுக்கு அப்பாலும் மனிதனுக்குத் தேவை உண்டு, அழகாகவும் மதிப்பாகவும் வாழ்வது ஏழைக்கும் உரியது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த வம்சத்தில் வந்துவிட்டுப் பூ நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். 700 சதுர அடி வீட்டில் பூ இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

வயிற்றுக்கும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் குடும்பத்திலேயே ஒரு செடி இருக்கிறது. பாசார் மாலாமில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, உலாம் ராஜா, அதுவும் ஒரு காஸ்மோஸ்தான். ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இந்தப் பக்கம் பரவியது. இலையைக் கசக்கினால் மாங்காய் வாசம் அடிக்கும். சம்பால் பெலாச்சானோடு பச்சையாகத் தின்பார்கள். நம் வீட்டுத் துவையலுக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு கைப்பிடி வைத்துப் பாருங்கள். வளர்க்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். இலைக்காக வளர்ப்பதால் இதற்கு மட்டும் கொஞ்சம் எரு போடலாம். மஞ்சள் காஸ்மோஸ் ஒரு தொட்டி, உலாம் ராஜா ஒரு தொட்டி. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் ஐந்தாவது மாடியையும் தேடி வரும்.

இடமே இல்லை என்பவர்கள் பங்சார் பக்கம் போய்ப் பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அதிகத் தூரமில்லை. உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே சும்மா கிடந்த சரிவில், நிலவடிவமைப்பாளர் இங் செக் சானும் தன்னார்வலர்களும் 2017இல் கெபூன்-கெபூன் பங்சார் என்ற சமூகத் தோட்டத்தை எழுப்பினார்கள். எதிர்ப்பும் வந்தது, அவர்கள் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. உங்கள் அடுக்குமாடியின் கீழே, குப்பைத் தொட்டிக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் இடையே வெறுமனே கிடக்கும் அந்த மூன்றடித் துண்டை நினைத்துப் பாருங்கள். நிர்வாகக் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் கேட்காததால்தான் அது வெறுமனே கிடக்கிறது.

விதை எடுக்கும் நாளுக்கு வாருங்கள். கடைசிச் சுற்றில் வரும் பூக்களை மட்டும் நறுக்காமல் விட்டுவிடுங்கள். இதழ் உதிர்ந்து, நடுவில் கறுப்பு ஊசிகள் விசிறிபோல் விரியும். மழை இல்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு பறித்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். ஒரு செடி தரும் விதை ஒரு மாடிக்கே போதும். கீழ்வீட்டு மாக்சிக்குக் கொஞ்சம், எதிர்வீட்டு சீனப் பாட்டிக்குக் கொஞ்சம், தமிழ்ப்பள்ளித் தோட்டத்துக்கு ஒரு கை. உறையின் மேல் என்ன பூ, எந்த மாதம் எடுத்தது என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, வளர்த்தவர் என்று போட்டு, உங்கள் பெயரை எழுதுங்கள். பெரிய எழுத்தில்!